அம்மாவின் இன்சுலினும் ஒரு காஸ் பிரிட்ஜும்

கரவனை வாங்கியது எங்கள் ஆசைக்கு. அதற்குள் காஸ் பிரிட்ஜ் பூட்டியது அம்மாவின் இன்சுலினுக்கு. இங்கே எழுதப்போவது இரண்டாவதைப் பற்றி. நாங்கள் என்றால் ஒரு அக்காவும் ஒரு தம்பியும். எந்த ஆணியை யார் முறுக்கினது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் நாங்கள் என்றே போட்டுவிடுகிறோம், பிழைகளுக்கும் சேர்த்து.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கோடைக்கு லண்டன் வந்தா. வரும்போதே ஐஸ் பையில் மூன்று மாத இன்சுலின் கொண்டுவந்தா. அவவை இரண்டு கிழமை வடக்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தோம். ஹோட்டல் காசுக்குக் கட்டாது. 1990களில் செய்த ஒரு பழைய கரவன் மலிவாக அகப்பட்டது, நண்பர் ஒருவரின் கராஜ் முற்றத்தில் நிற்பாட்டி வைத்திருந்தோம். எல்லாம் சரி, பிரிட்ஜ் மட்டும் செத்துக் கிடந்தது.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். பாவிக்கத் தொடங்கின போத்தலையோ பேனையையோ ஏறத்தாழ ஒரு மாதம் வெளியில் வைக்கலாம், அதுவும் 30 பாகைக்குக் கீழே. உறைந்துபோனால் எறியத்தான் வேணும், உருகினபிறகு பார்க்க நல்லதுபோல இருந்தாலும். ஜூலை வெயிலில் பூட்டிக் கிடக்கும் கரவனுக்குள் ஒருமுறை தலையை விட்டுப் பார்த்தால் 30 பாகை எவ்வளவு சின்ன இலக்கம் என்று விளங்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பாவிக்கிற சின்னப் பைகள் இருக்கின்றன, பாவிக்கிற பேனைக்கு அது காணும். அம்மாவும் அதைத்தான் சொன்னா, “ஏன் பிள்ளையள் வீண் செலவு.” எங்களுக்கோ மிச்ச இன்சுலினையும் பத்திரமாக வைக்கவேணும், விளைமீன் கிடைத்தால் வாங்கி வைக்கவும் வேணும்.

ஏன் காஸில் ஓடுகிற பிரிட்ஜ் என்று கேட்பீர்கள். மின் இணைப்பு இல்லாத வயல்வெளிகளில் கரவனை நிற்பாட்ட வாடகை குறைவு, அதுதான். பற்றரியில் ஓடுகிற கொம்பிரசர் பிரிட்ஜும் அதற்குச் சூரிய மின்தகடும் என்று போனால் கரவன் வாங்கின காசைவிடக் கூட வரும்.

முதலில் செத்த பிரிட்ஜை உயிர்ப்பிக்கப் பார்த்தோம். இந்த வகைப் பிரிட்ஜ் வேலை செய்யாவிட்டால் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு இரவு வைத்தால் சிலவேளை எழும்பும் என்று பழைய கரவன்காரர்கள் சொல்வார்கள். இதைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பு! ஆனால் அதில் விசயம் இல்லாமல் இல்லை. உள்ளே அடைபட்ட திரவம் இடம் மாறி ஓட்டம் திரும்பலாம். நாங்களும் கவிழ்த்தோம். விடிய நிமிர்த்திப் பின்பக்கம் பார்த்தால் குழாயில் மஞ்சள் நிறத்தில் தூள் பூத்திருந்தது, மூக்கில் ஏறும் அமோனியா மணம். அது குழாய் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே போடுகிற குரோமேற்று. வெளியே வந்துவிட்டது என்றால் குழாய் பொத்தல், கதை முடிந்தது. நஞ்சு வேறு. கையுறை போட்டுத் தூக்கி வெளியே வைத்தோம்.

இதற்குப் பிறகுதான் அது எப்படி ஓடுகிறது என்று படித்தோம். ஓ.எல். விஞ்ஞானத்தில் ஆவியாதல், மறைவெப்பம் என்று பாடமாக்கினோமே, அதேதான். ஊசி போட முன்னம் கையில் ஸ்பிரிட் பூசினால் குளிருகிறது அல்லவா? ஸ்பிரிட்டின் இடத்தில் அமோனியா. அடியில் ஒரு சின்னச் சுவாலை, மெழுகுதிரியைவிடக் கொஞ்சம் பெரிது. அது அமோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்க, அமோனியா ஆவியாகப் பிரிந்து மேலே போகும். பின்பக்கத் தகடுகளில் வெப்பத்தை விட்டுத் திரவமாகும். பிறகு ஐதரசன் நிரம்பிய குழாய்க்குள் இறங்கும். அங்கே அமோனியாவின் பங்கு அழுத்தம் குறைவு, அதனால் திரும்ப ஆவியாகும், ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கிற வெப்பத்தை உறிஞ்சும். கடைசியில் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு கீழே வரும். அசைகிற பாகம் ஒன்றும் இல்லை, சத்தமும் இல்லை. திரவம் தன் பாரத்தில் தானே வழிந்து இறங்குவதால் பெட்டி மட்டமாக நிற்கவேண்டும், சரிந்தால் நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்டொக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள், பல்ட்சார் வொன் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். ஆண்டு 1922. எலெக்ட்ரோலக்ஸ் அதை வாங்கி 1925இல் விற்பனைக்கு விட்டது. ஐன்ஸ்டைனும் லியோ சிலார்ட்டும் கூட அசையும் பாகம் இல்லாத பிரிட்ஜ் ஒன்றை உருவாக்கினார்கள், 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பெர்லினில் ஒரு குடும்பம் பிரிட்ஜிலிருந்து கசிந்த வாயுவால் செத்துப்போன செய்தியை வாசித்துத்தான் அவர்கள் அதில் இறங்கினார்களாம். இதை வாசித்தபோது எங்களுக்கு அது ஒரு சுவையான துணுக்காகத்தான் இருந்தது.

கரவன்களைப் பிரித்து விற்கிற இடம் ஒன்றில் பழைய காஸ் பிரிட்ஜ் வாங்கினோம். காஸ், வீட்டு மின்சாரம், காரின் 12 வோல்ட்டு மூன்றிலும் ஓடும். 12 வோல்ட்டில் ஓடும்போது எட்டு அம்பியர் அளவில் இழுக்கும், வாகனம் ஓடுகிறபோது மட்டும்தான் அதற்குச் சரி. வாங்க முதல் அங்கேயே மின்சாரத்தில் போட்டுவிட்டு நான்கு மணித்தியாலம் காத்திருந்தோம். இந்தப் பிரிட்ஜுக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. கடைசியில் உள்தகடு வேர்த்து, பிறகு வெள்ளை பூத்தது. காசைக் கொடுத்தோம்.

கரவனில் சுவர் வெட்டுகிற வேலைதான் நெஞ்சைப் பிசைந்தது. பிரிட்ஜின் பின்பக்க வெப்பமும் சுவாலையின் புகையும் வெளிச்சுவரால் போகவேண்டும். கீழே ஒரு காற்றுத்துவாரம், மேலே ஒன்று. கீழால் குளிர்ந்த காற்று வந்து, தகடுகளைத் தடவி, மேலால் சூடாகப் போகும். மேல் துவாரம் தகடுகளுக்கு மேலே இல்லாவிட்டால் சூடு உள்ளேயே நின்று பிரிட்ஜ் குளிராது. பழைய துவாரம் புதுப் பெட்டிக்குக் கீழே நின்றது. வெளியே கடதாசித் தடிப்பில் அலுமினியம், நடுவே பஞ்சுபோல ரெஜிபோம், உள்ளே ஒட்டுப்பலகை. இவ்வளவுதான் கரவன் சுவர். பிஸ்கற்றை வெட்டுவதுபோல வெட்டுப்பட்டது. வெட்டின இடத்தில் பலகை ஈரத்தில் உக்கிப்போய்க் கையோடு வந்தது. ஒரு நாள் வேலை என்று தொடங்கினது, உக்கினதைச் சுரண்டிப் புதுக்கட்டை வைத்து முடிக்க மூன்று சனி ஞாயிறு போனது. ரசமட்டம் வைத்துப் பெட்டியை நிறுத்தியபோது கண்ணாடிக்குள் குமிழ் நடுவில் வந்து நின்றதே, அந்தச் சந்தோசத்துக்கு இரண்டு பேரும் படம் எடுத்தோம்.

காஸ் குழாயை மட்டும் நாங்கள் தொடவில்லை. இங்கே காஸ் வேலைக்குப் பதிவு செய்த ஆட்கள் இருக்கிறார்கள், கரவன் காஸுக்கு அவர்களுக்கும் தனித் தகுதி வேண்டும். அப்படி ஒருவர் வந்து செப்புக் குழாயைப் பொருத்தி, அழுத்தமானி பூட்டி முள் இறங்குகிறதா என்று பார்த்து, மூட்டுகளில் நுரை அடித்துக் குமிழி வருகிறதா என்றும் பார்த்தார். சிலிண்டரிலிருந்து வரும் றப்பர் குழாயில் திகதி அச்சடித்திருப்பதைக் காட்டி, அது பழசு என்று மாற்றினார். தரையில் இருக்கிற ஓட்டைகளை ஒருநாளும் அடைக்கவேண்டாம் என்றார். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் அந்த ஓட்டையால் கீழே விழுந்து வெளியே போகட்டும். போகமுதல் பிரிட்ஜின் பக்கங்களைக் காட்டி ஒன்று சொன்னார். பிரிட்ஜின் பின்பக்கம் வெளியுலகம், முன்பக்கம் நீங்கள் படுக்கிற அறை, இரண்டுக்கும் நடுவே காற்றுப் புகக்கூடாது, அதை ஒழுங்காக அடைத்தபிறகு பாவியுங்கள் என்று.

நாங்கள் அதைப் பாதிதான் கேட்டோம். ஒட்டுகிற பஞ்சுப் பட்டி ஒரு சுருள் வாங்கிச் சுற்றி ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

முதன்முதல் காஸில் கொழுத்தினபோது அம்மா பக்கத்தில் குந்தி இருந்தா. பெட்டிக்குள் கீழ் மூலையில் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்குள்ளால் சுவாலை நீலமாகத் தெரியும். அவவுக்குக் காஸ் என்றாலே பயம். 2021 கடைசியில் ஊரில் காஸ் அடுப்புகள் வெடிக்கிறது என்று ஒவ்வொரு நாளும் செய்தி வந்தபோது சிலிண்டரைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு விறகுக்கு மாறினவ. அதனால் கத்தப்போறா என்று நினைத்தோம். அவ கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே, “உதை நான் கண்டிருக்கிறன்” என்றா.

1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனபிறகு அவர்களின் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மட்டும் மண்ணெண்ணெய்ப் பிரிட்ஜ் இருந்ததாம். அதே அமோனியாச் சங்கதிதான், காஸுக்குப் பதில் திரி. எங்கள் அம்மப்பாவுக்கு நீரிழிவு. அவரின் இன்சுலின் போத்தல் அந்த வீட்டில்தான் இருந்தது. இன்னும் நாலைந்து வீட்டாரின் போத்தல்களும். ஒவ்வொன்றிலும் பிளாஸ்ரர் ஒட்டிப் பெயர் எழுதி. ஜாம் போத்தல் விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லாத காலம். போகிறவர்கள் ஆளுக்கொரு சின்னப் போத்தலில் மண்ணெண்ணெய் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம், பிரிட்ஜ் அணையாமல் இருக்க. பிறகு அதுவும் கட்டுப்படியாகாமல் அந்த வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். அதன்பின் ஈர மணலுக்குள் வைத்த முட்டிதான். 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட இரவு, மழைக்குள் சைக்கிளின் பின்னால் தகப்பனை இருத்தி, ஈரத்துவாயில் சுற்றின போத்தலை மடிக்குள் வைத்துக்கொண்டு அம்மா சாவகச்சேரிக்குப் போயிருக்கிறா. அம்மப்பா அடுத்த தைக்கு இருக்கவில்லை.

“மருந்து பழுதாப் போச்சோ, காணாமல் போச்சோ, எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது” என்றா. இன்சுலின் பழுதானால் நிறமோ மணமோ மாறவேண்டும் என்றில்லை. பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது. இந்தக் கதையை இருபது வருசத்துக்கு மேல் அவவோடு இருந்த எங்களுக்கு அவ சொன்னதில்லை.

முதல் பயணம் விற்பிக்குப் பக்கத்தில், வடகடலைப் பார்த்த ஒரு வயல். மின்சாரம் இல்லை, ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும். ஓடுகிறபோது சிலிண்டரைப் பூட்டி 12 வோல்ட்டில் வந்தோம், நிற்பாட்டின பிறகு காஸுக்கு மாற்றினோம். விடிய வெப்பமானியில் 5 பாகை. அம்மா இன்சுலினைச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் போட்டு உள்தகட்டுக்குத் தூரமாகக் கதவுத் தட்டில் வைத்திருந்தா. தகட்டோடு முட்டினால் உறைந்துவிடும் என்று அவவுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விற்பியில் நண்டு வாங்கி மிளகுத்தூள் போட்டுக் காய்ச்சினோம். கரவன் முழுக்க ஊர் மணம். இரண்டு பேரும் எங்கள் கெட்டித்தனத்தை நினைத்து நல்லாத்தான் பூரித்துப்போய் இருந்தோம்.

இரண்டாம் நாள் காலை அம்மா சொன்னா, “இராத்திரி முழுக்கக் காலடியிலை காத்து. உந்தப் பிரிட்ஜுக்குக் கீழாலதான் வருது.”

“கரவன் எண்டால் காத்து வரும்தானே அம்மா” என்று சொல்லிவிட்டு மேசொன்றை எடுத்துக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் எழும்பிப் பார்த்தால் பிரிட்ஜின் கீழ் இடுக்கில் தன் துவாயைச் சுருட்டிச் செருகி வைத்திருந்தா. “தலை கொஞ்சம் பாரமாக் கிடக்கு பிள்ளை” என்றா. தேத்தண்ணி பிந்தினதால் என்று சொன்னோம். கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோதுதான் அந்தக் காஸ்காரர் சொன்னது முழுசாக நினைவுக்கு வந்தது. பின்பக்கத்திலிருந்து காற்று உள்ளே வருகிறது என்றால் அங்கே எரிகிறதும் உள்ளே வரலாம்.

சுவாலை நீலமாக எரியும்வரை காபனோரொட்சைட்டு மிகக் குறைவாகத்தான் வரும். எரிவாய் கரி பிடித்தால், சிலந்தி வலை கட்டினால், காற்றுப் போதாமல் போனால் கூடும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைப்பாரம், சத்தி, நித்திரை. நித்திரையில் இருக்கிறவருக்கு அதுவும் தெரியாது.

ஓடிப்போய்ச் சிலிண்டரைப் பூட்டினோம். கதவு, யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு அம்மாவை வெளியே கதிரையில் இருத்தினோம். “கடலைப் பாருங்கோ அம்மா, நல்ல வெயில்” என்றோம். நல்ல நேரம், உண்மையிலேயே வெயில் எறித்தது.

காற்று எங்கால் வருகிறது என்று பார்க்க அம்மாவின் ஊதுபத்திப் பெட்டிதான் உதவினது. காஸ் பூட்டி, எல்லாம் காற்றாடி, அரைமணி விட்டுத்தான் கொழுத்தினோம். காஸ் கசிவைப் பார்க்க நெருப்பு வைக்கிற மடத்தனத்தை ஒருவரும் செய்யவேண்டாம், அதற்குச் சவர்க்காரத் தண்ணீர். ஊதுபத்தியைப் பிரிட்ஜின் இடப்பக்க அடியில் பிடித்தால் நேராக எழும்பவேண்டிய புகை அப்படியே அறைக்குள் வளைந்தது. துவாயை எடுத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தோம். நாங்கள் ஒட்டின பஞ்சுப் பட்டி சூட்டில் பசை விட்டுப் பாம்புச் சட்டைபோல உரிந்து கிடந்தது. குழாய் வருகிற ஓட்டையைச் சுற்றி விரல் போகுமளவு இடைவெளி.

அடைக்க ஏதாவது கிடக்கா என்று இழுப்பறையைத் திறந்தால், காபனோரொட்சைட்டு அலாரம். வாங்கின பெட்டியை உடைக்காமல், விலைச்சீட்டோடு. அம்மாவின் தலைமாட்டிலிருந்து அது ஒரு முழம் தூரம். திருகாணி கொண்டுவர மறந்துவிட்டோம், வந்து பூட்டலாம் என்று உள்ளே போட்டிருந்தோம்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம். பக்கத்து ஊர் ஹார்ட்வெயார் கடையில் அலுமினியத் தகடும் வெப்பம் தாங்குகிற சீலண்டும் வாங்கி வந்து, பிரிட்ஜை முன்னால் இழுக்காமல் கைபோகுமளவுக்குக் கீழ்ப் பலகையை மட்டும் கழற்றி, இடுக்கு இடுக்காக அடைத்தோம். தரை ஓட்டையை மட்டும் திறந்தபடி விட்டோம். சீலண்ட் காய ஒரு நாள் வேண்டும், அதுவரைக்கும் பிரிட்ஜ் இல்லை.

அப்போதுதான் இன்சுலின் ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தோம். அம்மா கோப்பை கழுவுகிற பேசினில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, சாப்பாட்டுப் பெட்டியை அதற்குள் இறக்கி, துவாயை நனைத்துப் பிழிந்து மூடி, கரவனின் நிழல் விழுகிற பக்கத்தில் வைத்திருந்தா. நிழல் நகர நகர அவவும் கதிரையைத் தள்ளி, பேசினையும் தள்ளிக்கொண்டிருந்தா. எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் ஊதுபத்திப் புகை நேராக எழும்பினது. திரும்பக் காஸைத் திறந்து கொழுத்தினோம். காஸ்காரரையும் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லவேணும் என்று அவருக்கு அழைப்பெடுத்தோம், திரும்பி வருகிற வழியில் அவரிடம் போய் எரிவாயைக் கழற்றித் துப்புரவாக்கினோம். கொஞ்சம் கரி இருந்தது. எவ்வளவு என்று கேட்டோம், கொஞ்சம் என்றார். அந்த மூன்று இரவும் கரவனுக்குள் என்ன இருந்தது என்று அளந்து சொல்ல இனி ஒருவராலும் ஏலாது. அம்மாவின் தலைப்பாரம் தேத்தண்ணியால்தானோ என்னவோ.

மிச்சம் பத்து இரவும் அலாரத்தின் இலக்கம் பூச்சியத்தைவிட்டு அசையவில்லை. பிரிட்ஜும் 4, 5 பாகையில் நின்றது. ஒரு நாளைக்கு முந்நூறு கிராம் அளவில் காஸ் முடிந்திருக்கும்.

அலாரத்தைப் பூட்டின இரவு அம்மா படுத்துக்கிடந்து மேலே பார்த்துக்கொண்டு கேட்டா, “உந்தப் பச்சை லைற் என்னத்துக்கு?”

“கூடாத புகை வந்தால் கத்தும் அம்மா.”

“முந்தியும் கிடந்ததோ? நான் காணேல்லை.”

“ஓம், கிடந்தது” என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.